070 மிஷின் ஜாம் ஆயிருச்சு: போர் போடலாமா, செட்டு மாத்தலாமா?

நத்தம்_ரோட்டுக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க சித்தப்பா நத்தம் பக்கம் மரக்கடை வச்சிருந்தப்ப வாங்குன ஸ்டில் 070 மரம் அறுக்குற மிஷின். அவரு தவறினதுக்கப்புறம் குடோன்லயே கெடந்துச்சு. இப்ப தூசி தட்டி, பிளக் மாத்தி, கார்பரேட்டரக் கழுவி, தீப்பொறி தர்ற கான்டாக்ட் பாயின்ட்ட உப்புத்தாள் போட்டுத் தேச்சு ஸ்டார்ட் பண்ணோம். நல்லாவே ஓடுச்சு.

தோட்டத்துல காத்துக்குச் சாஞ்ச புளியமரத்த அறுத்துக்கிட்டு இருக்கும்போது, சூடேறினதும் ரேஸ் தானா ஏற ஆரம்பிச்சுச்சு. ஆக்சிலேட்டர விட்டாலும் எறங்கல. கொஞ்ச நேரத்துல கிர்ருனு பிடிச்சு நின்னுருச்சு. ஆறினப்புறம் கயித்த இழுத்தா சுத்துது, ஆனா கம்ப்ரெஷன் பாதிதான் இருக்கு. சைலன்சரக் கழட்டிப் பாத்தா பிஸ்டன்ல அந்தப் பக்கம் மட்டும் கோடு கோடா கீறல். கார்பரேட்டர் பக்கம் வழவழன்னு சுத்தமா இருக்கு.

புதூர்ல ஒரு லேத்துல காட்டுனேன். "புல்லட்டுக்குப் போடுற மாதிரி சிலிண்டரக் கடைஞ்சு போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டிறலாம்"னு சொன்னாங்க. இன்னொருத்தர் சிலிண்டர், பிஸ்டன் ரெண்டையும் சேத்து நகல் செட்டா மாட்டச் சொல்றாரு. சித்தப்பா கைபட்ட மிஷின். முடிஞ்ச வரைக்கும் அதோட சொந்த சாமானோடயே ஓடணும்னு ஆசை. எது சரின்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காரியாபட்டி_கருவேல்

தம்பி, யோசிக்காம செட்ட மாத்திட்டு வேலையப் பாருங்க. நாங்க காரியாபட்டி, நரிக்குடி பக்கமெல்லாம் சீமைக் கருவேலம் வெட்டுறோம். 2017-ல ஐகோர்ட்டு மதுரைக் கிளை கருவேலத்த அகத்தச் சொல்லி உத்தரவு போட்டப்ப இந்தப் பக்கம் மிஷின் கெடைக்காம ஆலாப் பறந்தாங்க. அப்ப வீடு வீடா மூலையில கெடந்த 070 எல்லாம் வெளிய வந்துச்சு. ஜாம் ஆகி வந்த மிஷினுக்கெல்லாம் நகல் செட்டுதான் மாட்டுனோம், மறுநாளே ஓடுச்சு. தூருல அறுக்குறப்ப 070 இழுக்குற இழுவைய இப்ப வர்ற சின்ன மிஷின்ல பாக்க முடியாது. மிஷின் சும்மா கெடந்தாத்தான் கெடும்.

பழைய_போர்மேன்

தம்பி நத்தம், உங்கள் கேள்விக்குப் பதில் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. சூடேறியதும் ரேஸ் தானாக ஏறியது, கையை எடுத்தும் இறங்கவில்லை என்கிறீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் இதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒன்றுதான்: கார்பரேட்டரைத் தொடாத காற்று வேறு எங்கிருந்தோ கிராங்க் கேசுக்குள் (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் ஷாப்ட் சுற்றும் பெட்டி) நுழைகிறது. கார்பரேட்டர் தரும் பெட்ரோல் அந்தக் காற்றுக்குப் போதாது. கலவை மெலிந்தால் எஞ்சின் வேகம் ஏறும், சூடும் ஏறும். இதில் ஆயிலும் பெட்ரோலோடுதானே வருகிறது? பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்கு ஆயிலும் குறையும். சைலன்சர் மாட்டும் எக்ஸாஸ்ட் வாய்தான் சிலிண்டரிலேயே அதிகம் சூடாகும் இடம். அங்கே பிஸ்டனின் அலுமினியம் இளகிச் சுவரில் அப்பிக்கொள்ளும். உங்கள் பிஸ்டனில் அந்தப் பக்கம் மட்டும் கீறல் இருப்பது இதனால்தான்.

பிஸ்டனைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கார்பரேட்டர் பக்கம் மங்கிச் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாக மண் போயிருக்கிறது. சுற்றிலும் நாலு பக்கமும் பிடித்திருந்தால் ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கலாம், இல்லை சிலிண்டரைக் குளிர்விக்கும் ஃபின் அடைத்துக் காற்றோட்டம் நின்றிருக்கலாம். உங்களுடையது இந்த இரண்டிலும் சேராது.

போர் போடுவது பற்றி. 070-க்கு போர் 58 மி.மீ., ஸ்ட்ரோக் 40 மி.மீ., ஏறக்குறைய 106 சிசி. சிலிண்டர் முழுக்க அலுமினியம். உள்சுவரில் இருப்பது கடினமான மெல்லிய குரோம் பூச்சு மட்டுமே. பழைய புல்லட் சிலிண்டர் வார்ப்பிரும்பு, அதை ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும் அளவு வரை கடையலாம், அடியிலும் இரும்புதான் இருக்கும். இதில் போர் டூலை வைத்தால் பூச்சு போய்விடும். அதற்குப் பிறகு அலுமினியச் சுவரில் அலுமினியப் பிஸ்டன் உரசும், கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. லேத்துக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் கைக்கு வருவதெல்லாம் இரும்பு சிலிண்டர். ஆனால் இந்தச் சிலிண்டரை அவரிடம் கொடுக்காதீர்கள்.

கருவேல் தம்பி சொல்கிற நகல் செட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் எந்தச் செட்டை மாட்டினாலும், ஒரிஜினலே ஆனாலும், அதுவும் இதே பக்கம் கீறிக்கொண்டு நிற்கும்.

காரியாபட்டி_கருவேல்

ஐயா, நீங்க சொல்றதுல ஒண்ணு சரிதான். நாங்க மாட்டுன செட்டுல சிலது ஒரு சீசனக்கூடத் தாங்கல. நகல்னாலே அப்பிடித்தான்னு நெனச்சுக்கிட்டு இன்னொரு செட்ட மாட்டுனோம்.

பழைய_போர்மேன்

சிலவற்றில் செட்டின் மேலும் குறை இருந்திருக்கலாம். நகல் சிலிண்டரில் போர்ட் (சுவரில் இருக்கும் வாய்) விளிம்பு கத்தி மாதிரி கூராக விட்டிருப்பார்கள், ரிங் அதில் மாட்டி ஒடியும். மாட்டுவதற்கு முன் நைசான உப்புத்தாளால் அந்த விளிம்பை மட்டும் மழுக்க வேண்டும். ஆனால் எல்லாச் செட்டும் எக்ஸாஸ்ட் பக்கமே போயிருந்தால், பழைய ஆயில் சீலை அப்படியே விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தாண்டிக்குடி_காப்பி

சீல்தான். எங்கள் எஸ்டேட்டிலும் இதையே பார்த்திருக்கிறேன். கிராங்க் சீல் ரப்பர். வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் உதடு காய்ந்து கட்டையாகிவிடும். மிஷின் குளிர்ச்சியாக இருக்கும்போது எப்படியோ பிடித்துக்கொள்ளும், சூடேறி ஷாப்ட் சுற்றும்போது விட்டுவிடும். அதனால்தான் முதலில் நன்றாக ஓடியது.

சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. டாக்டர் கிளினிக்கில் பிரஷர் பார்க்கும் டயல் மீட்டரும் அதன் ரப்பர் பல்பும் போதும். பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டு, ஓட்டையில் சின்னக் குழாயைச் சொருகி எம்-சீல் போட்டு அடைத்து, அந்த ரப்பர் குழாயை மாட்டிவிடுங்கள். சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் சைக்கிள் ட்யூப் துண்டை வைத்து முடுக்குங்கள். கார்பரேட்டரைக் கழற்றி அந்த வாயையும் இதே மாதிரி அடைத்துவிடுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தால் மேலேயிருந்து அடிக்கும் காற்று கிராங்க் கேஸ் வரை போகும்.

பல்பை அமுக்கி மீட்டரில் 300 வரை ஏற்றுங்கள். அது 0.4 பார், இந்த வேலைக்குச் சரியான அழுத்தம். முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் ஃப்ளைவீல் பக்கம், கிளட்ச் பக்கம், சிலிண்டர் அடி கேஸ்கெட், கார்பரேட்டர் மேனிஃபோல்ட் என்று சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே வாருங்கள். எங்கே குமிழ் வருகிறதோ அங்கேதான் ஓட்டை.

பழைய_போர்மேன்

அருமையான வழி. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: உள்ளேயிருந்து காற்றை உறிஞ்சியும் பாருங்கள். உள்ளிருந்து அழுத்தம் வரும்போது இறுக மூடிக்கொள்கிற சீல், உறிஞ்சும்போது திறந்துகொள்ளும். பிஸ்டன் மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் கிராங்க் கேசில் நடப்பது உறிஞ்சல்தான். அழுத்தத்தில் மட்டும் தேறியதை நம்ப வேண்டாம்.

சிலிண்டரில் அப்பிய அலுமினியத்தை எடுப்பதற்கு ஆசிட்டைத் தொடாதீர்கள். பாத்ரூம் கழுவ விற்கிற ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அலுமினியத்தோடு குரோம் பூச்சையும் கரைத்துவிடும், கிராங்க் கேசின் மெக்னீசியக் கலவையில் சொட்டினால் அதையும் அரிக்கும். காஸ்டிக் சோடா கரைசல் குரோமை ஒன்றும் செய்யாது. சிலிண்டரைத் தனியாகக் கழற்றி, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அப்பிய இடத்தில் மட்டும் தடவுங்கள். நுரை பொங்கும். தண்ணீரில் கழுவி மறுபடி தடவுங்கள். நுரை நின்றால் அலுமினியம் தீர்ந்தது. போர்ட் விளிம்புகளில் பூச்சு கிடையாது, அங்கே வழியவிட்டால் சிலிண்டரையே தின்னும். கிளவுஸ், கண்ணாடி இரண்டும் கட்டாயம், வாசலில் காற்றோட்டமாக வைத்துச் செய்யுங்கள். காஸ்டிக் கண்ணில் பட்டால் பார்வை போகும்.

பிறகு நகத்தால் சுவரைத் தடவிப் பாருங்கள். நகம் எங்கும் சிக்காமல் வழுக்கினால் சிலிண்டர் பிழைத்தது, பிஸ்டனும் ரிங்கும் மட்டும் வாங்கினால் போதும். பூச்சு உரிந்து நகம் இடறினால் சிலிண்டரையும் மாற்றத்தான் வேண்டும்.

மேலூர்_மகள்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் அப்பா மரக்கடைகளுக்கு மரம் அறுத்தவர். வாழ்நாள் முழுக்க இந்த மாதிரிப் பழைய மிஷின்தான் பிடித்தார். இப்போது இரண்டு கையிலும் விரல் நுனி மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மார்கழிக் குளிரில் விரல்கள் வெளுத்துவிடும். நரம்பும் ரத்தக்குழாயும் அதிர்வில் கெட்டுவிட்டன, இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்த மிஷின்களில் கைப்பிடி நேராக எஞ்சினோடு சேர்ந்தே இருக்கும். அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த பிடிகள் 1960களில்தான் வர ஆரம்பித்தன, செயின் பிரேக் 1970களில். அதற்கு முந்தைய அமைப்பில் செய்த மிஷினில் இரண்டுமே இருக்காது. பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) நுனியின் மேல் கால்பகுதி மரத்தில் பட்டு எகிறினால் செயினை நிறுத்த எதுவுமே கிடையாது. சித்தப்பா மேல் உள்ள பாசம் எனக்குப் புரிகிறது அண்ணே. ஓட வையுங்கள், ஆனால் தினப்படி வேலைக்கு வைக்காதீர்கள்.

காரியாபட்டி_கருவேல்

தாயி, நீங்க சொல்றத நான் கண்ணால பாத்திருக்கேன். எங்ககிட்டயும் விரல் மரத்துப்போன ஆளு இருக்காரு. அதனால இப்பக் கெளை கழிக்கிறதுக்கெல்லாம் பிரேக் வச்ச சின்ன மிஷின்தான். கருவேலத்துல கெளை பின்னிக்கிட்டு கெடக்கும், பார் நுனி எதுல படும்னே தெரியாது, அங்க 070 கொண்டுபோனா ஆபத்துதான். தூர அறுக்க மட்டும் பெருச எடுக்குறோம். ஒரே ஆளுக்கு நாள் முழுக்கக் குடுக்கறதில்ல, மாத்தி மாத்திப் பிடிக்கணும்.

தாண்டிக்குடி_காப்பி

2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மலை ரோடுகளில் மரங்கள் விழுந்து கிடந்தன. அப்போது மிஷின் வைத்திருந்த எல்லோரும் இறங்கினார்கள். இழுவிசையில் நிற்கும் மரம், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த மரம், ஈரச் சரிவு, இதிலெல்லாம் பிரேக் இல்லாத மிஷினைப் பிடிப்பது உயிரோடு விளையாட்டு. மேலூர் தங்கை சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன்.

பழைய பெரிய மிஷினுக்கு ஏற்ற வேலை ஒன்று இருக்கிறது. தரையில் அசையாமல் கிடக்கும் அடிமரத்தை நீளவாக்கில் பலகையாக அறுப்பது. பாரில் சட்டம் மாட்டி, மரத்தின் மேல் ஏணியோ நேரான சட்டமோ வைத்து ஓட்டினால், மிஷின் ஒரே நிலையில் நிதானமாகப் போகும். பார் நுனி எதிலும் முட்டாது. நத்தம் தம்பியிடம் இருப்பது புளிய மரம் வேறு. கறிக்கடைக் கட்டைக்குப் புளிதானே கேட்பார்கள்? அடிமரத்தை விறகாக்கிவிடாதீர்கள்.

நத்தம்_ரோட்டுக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்க சொன்னத வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனேன். தினப்படி வேலைக்கு எடுக்க மாட்டேன். அந்தப் புளிய மரத்தப் பலகையா அறுக்கறதுக்கு மட்டுந்தான்.

பிரஷர் மீட்டர் சோதனை பண்ணேன். 300 வரைக்கும் ஏத்துனா முள் சரசரன்னு எறங்குது. கிளட்ச் பக்கம் ஒண்ணும் இல்ல. ஃப்ளைவீலக் கழட்டிட்டு சோப்புத் தண்ணி தடவுனேன், சீலச் சுத்தி நுரை கொப்புளிச்சுக்கிட்டு வந்துச்சு. வெளிய எடுத்துப் பாத்தா ரப்பர் வளையவே இல்ல, நகத்துல அமுக்குனா தூளாகுது. கிளட்ச் பக்கத்துதும் கல்லு மாதிரிதான் இருக்கு, ரெண்டையும் மாத்திறப் போறேன்.

காஸ்டிக் போட்டதுல சிலிண்டர் பளிச்சுனு வந்துருச்சு. நகம் எங்கயும் இடறல.

சீல் எங்க வாங்குறது? ஏஜென்சில கேட்டா ஆர்டர் போட்டுத்தான் வரணுங்கறாங்க. மதுரை திலகர் திடல் ஞாயித்துக்கிழமை சந்தையில பழைய 070 பாடி ஒண்ணு கெடந்துச்சு, ரீகாயில் ஸ்பிரிங்குக்காக அத வாங்கிட்டேன், ஆனா அதுலயும் சீல் காஞ்சுதான் இருக்கு.

பழைய_போர்மேன்

சந்தையில் எடுத்த சீலை ஒருபோதும் போடாதீர்கள். ஸ்பிரிங், கவர், நட்டு, போல்ட்டு, சைலன்சர் மூடி இதற்கெல்லாம் திடல் நல்ல இடம். ரப்பர் சாமான் புதிதாகத்தான் இருக்க வேண்டும்.

சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் அச்சடித்திருக்கும். அழிந்திருந்தால் வெர்னியரில் ஷாப்டையும் குழியையும் அளந்துகொள்ளுங்கள். அந்த அளவைச் சொன்னால் பேரிங் கடைகளில் கிடைக்கும். சாதாரண ரப்பரைவிட விட்டான் ரப்பர் சூட்டையும் இப்போதைய பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும், விலை கூடினாலும் அதையே கேளுங்கள். மாட்டும்போது உதடு உள்பக்கம் பார்க்கட்டும். ஷாப்டில் இருக்கும் சாவிக் காடியில் உதடு கிழியாமல் இருக்க, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன் மேல் வழுக்கிவிடுங்கள்.

ஃப்ளைவீலைக் கழற்றியதால் இன்னொன்று. அரைச்சந்திரச் சாவி சற்றே நசுங்கியிருந்தாலும் டைமிங் நகர்ந்துவிடும், புதிது போடுங்கள். பாயின்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.4 மி.மீ. இருக்கட்டும். உப்புத்தாளில் தேய்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள், தேய்த்த துகள் முகத்தில் நிற்கும், பெட்ரோலில் நனைத்த அட்டையை நடுவில் விட்டு இழுத்துத் துடைத்துவிடுங்கள். கண்டன்சரும் பழசானால் சூட்டில்தான் காலை வாரும். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி எக்ஸாஸ்ட்டைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் லாக்குகளில் பழசைத் திரும்பப் போடாதீர்கள், ஒன்று கழன்றாலும் சிலிண்டர் போச்சு.

காரியாபட்டி_கருவேல்

பெட்ரோல் ஆயில் கணக்க இங்க யாரும் சொல்லல. எங்காளுங்க லிட்டருக்கு 20 மில்லி ஊத்துறாங்க, சிலபேரு 40 ஊத்துறாங்க. எது சரிங்க ஐயா?

தாண்டிக்குடி_காப்பி

20 மில்லி என்பது ஐம்பதுக்கு ஒன்று. இப்போதைய உயர்தர ஆயிலுக்கும் கம்பெனியே அந்த அளவு சொல்லும் மிஷினுக்கும் அது போதும். சாதாரண 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் என்றால் லிட்டருக்கு 40 மில்லி, இருபத்தைந்துக்கு ஒன்று. பழைய மிஷினுக்கு நான் 40-தான் ஊற்றுவேன். டப்பாவில் ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற தரக்குறி இருக்கிறதா பாருங்கள், புகையும் கரியும் குறையும். ஆயில் அளவை மாற்றினால் கார்பரேட்டரையும் மறுபடி செட் பண்ண வேண்டும். ஒரு லிட்டரில் ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், கலவை மெலியும்.

அதைவிட முக்கியம் ஈ20. பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், வெறும் பெட்ரோலுக்குச் செட் பண்ணிய பழைய கார்பரேட்டரில் கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்து ஓடும். நத்தம் தம்பியின் மிஷினில் சீல் ஓட்டையோடு இதுவும் சேர்ந்திருக்கும். பழைய டயஃப்ரம், பெட்ரோல் குழாய் எல்லாம் எத்தனாலில் ஊதிப்போகும் அல்லது விறைத்துப்போகும், அதனால் கார்பரேட்டர் கிட்டையும் குழாயையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, கார்பரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓட்டி நிறுத்துங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் கூடினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கும். அதில் ஆயில் கரையாது.

தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலைப் பிரித்தெடுக்கும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். பிரியும், ஆனால் ஆக்டேனும் இறங்கிவிடும். நான் செய்ய மாட்டேன்.

நத்தம்_ரோட்டுக்காரன்

ரெண்டு சீலும் விட்டான்லயே கெடைச்சு மாட்டியாச்சு. மீட்டர்ல 300 ஏத்தி வச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்தும் முள் அசையல. உறிஞ்சியும் பாத்தேன், நிக்குது. பிஸ்டன், ரிங், கேஸ்கெட், டயஃப்ரம், குழாய் எல்லாம் புதுசு. லிட்டருக்கு 40 மில்லி. ரெண்டே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு. சூடேறினப்புறம் கைய எடுத்தா உடனே எறங்குது, சாச்சுப் பிடிச்சாலும் ரேஸ் மாறல. எங்க சித்தி சத்தத்தக் கேட்டுட்டு வாசலுக்கு வந்து நின்னுட்டாங்க.

இப்ப கார்பரேட்டர்ல முழு ரேஸுக்கு பெட்ரோல் அளவக் கூட்டிக் குறைக்கிற ஹெச் ஸ்குரூவ எங்க நிறுத்துறது? பலகை அறுக்க செயின எப்பிடித் தீட்டுறது?

பழைய_போர்மேன்

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஹெச் ஸ்குரூவை முதலில் கொஞ்சம் கூடவே திறந்து வையுங்கள். மரத்தில் வைக்காமல் ஒரு நொடி முழு ரேஸ் கொடுத்தால் சத்தம் சீராக வராமல் படபடவென்று தடுமாற வேண்டும், மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தத் தடுமாற்றம் மறைந்து சீராக வேண்டும். அதுதான் சரியான இடம். காலியாக ஓடும்போதே கூர்மையாகக் கிரீச்சிட்டால் கலவை மெலிவு, உடனே நிறுத்தித் திறந்துவிடுங்கள். பலகை அறுக்கும்போது மிஷின் விடாமல் முழுப் பாரத்தில் ஓடும் என்பதால் இன்னும் ஒரு நூல் கூடவே இருக்கட்டும். ஒரு டேங்க் ஓடியதும் பிளக்கைப் பாருங்கள். வெளுத்திருந்தால் மெலிவு, ஈரக் கரியாக இருந்தால் அதிகம், காப்பிக்கொட்டை நிறம் சரி.

தாண்டிக்குடி_காப்பி

செயின் 0.404 அங்குல பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) என்றால் 5.5 மி.மீ. உருண்டை அரம். குறுக்கே அறுக்க 30 டிகிரி தீட்டுவோம், நீளவாக்கில் அறுக்க 10 டிகிரி போதும், பலகை வழவழப்பாக வரும். எல்லாப் பல்லும் ஒரே நீளம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். புளியின் நடுவைரம் கருத்துக் கல்லாக இருக்கும், அரத்தைக் கையோடு வைத்திருங்கள், பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் இரண்டு இழுப்பு கொடுங்கள். பட்டையில் மண் இருந்தால் முதலில் அரிவாளால் சீவிவிடுங்கள்.

காரியாபட்டி_கருவேல்

ஐயா, எங்க ஷெட்டுல ஜாம் ஆன 070 மூணு கெடக்கு. மூணும் எக்ஸாஸ்ட் பக்கம்தான். பிரஷர் மீட்டரு வாங்கியாச்சு, மொதல்ல சீலப் பாத்துட்டுத்தான் செட்டு வாங்கப் போறேன். ஒண்ணுல மட்டும் சீல் புதுசு, போன வருசம் போட்டது. அதுலயும் முள் எறங்குது. வேற எங்க பாக்குறது?

பழைய_போர்மேன்

சிலிண்டர் அடி கேஸ்கெட்டையும் மேனிஃபோல்டையும் சோப்புத் தண்ணீரில் பாருங்கள். இரண்டிலும் குமிழ் இல்லையென்றால் கிராங்க் ஷாப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. பேரிங் ஆடினால் புதுச் சீல் எத்தனை போட்டாலும் நிற்காது. பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள் தம்பி, எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதையும் சேர்த்து.